வீட்டுக் கணினிக்கு வேர்டு வாங்கத்தான் வேண்டுமா?

வைகைக்கரை
மடிக்கணினியோடு வந்த எழுதுமென்பொருளின் ஓராண்டுச் சந்தா போன வாரம் முடிந்துவிட்டது. கோப்பு திறக்கிறது, படிக்கலாம். ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியவில்லை. வீட்டில் மூன்று பேருக்கு இது தேவை. மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. திட்ட அறிக்கையை வேர்டு கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும். எனக்கு மகளிர் குழுவின் தீர்மானங்களும் வங்கிக் கடிதங்களும். அப்பா 2006இல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கத் தொடங்கிய குடும்ப வரலாறு 140 பக்கம் வந்திருக்கிறது, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். கடைத்தெருவில் ஒருவர் 300 ரூபாய்க்குத் திருட்டுப் பிரதி போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஆண்டுதோறும் சந்தா கட்டுவதா, இலவசமாகக் கிடைப்பதை நம்பலாமா?

கட்டற்றவன்
திருட்டுப் பிரதியை மறுத்தீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. பூட்டை உடைக்க அவர்கள் போடும் சிறு நிரலோடு வேறு என்னென்ன உள்ளே வரும் என்று யாருக்கும் தெரியாது.

வேர்டு போலவே எழுத உதவும் லிப்ரெ ஆபிஸ் நிறுவுங்கள், அக்கா. இது நேற்று முளைத்ததன்று. ஜெர்மனியில் ஸ்டார் ஆபிஸ் என்று இருந்ததை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் வாங்கி, அடுத்த ஆண்டே மூலநிரலை, அதாவது அதை எழுதிய கட்டளைகளை, எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிள் என்ற வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனபோது, அதை எழுதிவந்தவர்களில் பலர் பிரிந்து தனி அறக்கட்டளை அமைத்து இதைத் தொடர்ந்தார்கள். முதலாளி மாறினாலும் மென்பொருள் நிற்கவில்லை. சந்தா இல்லை, இணையம் தேவையில்லை, வேர்டு கோப்பைத் திறந்து வேர்டு கோப்பாகவே சேமிக்கும். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் தேடினால் விலை போட்டிருக்கும். அறக்கட்டளையின் சொந்தத் தளத்தில் அதே மென்பொருள் இலவசம்.

நகலகம்
பதினெட்டு ஆண்டுகளாக ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். தம்பி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது; அறிக்கை அச்சடிக்கும் நாளில் என் கடைக்கு வந்து பாருங்கள். வேறொரு மென்பொருளில் செய்த கோப்பை நான் வேர்டில் திறப்பேன். பொருளடக்கத்தில் 34ஆம் பக்கம் என்று போட்ட அத்தியாயம் 36இல் தொடங்கும். அட்டவணையின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தில் தனியே நிற்கும். மூன்று பிரதி அச்சடித்து, கெட்டி அட்டையும் போட்ட பிறகு அதைக் கண்டுபிடித்து அழுத பெண்ணுக்கு நான் இரவு பதினொரு மணிக்கு மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். மைக்ரோசாப்டின் குடும்பச் சந்தாவை ஆறு பேர் வரை பகிரலாம். பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்துச் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கட்டற்றவன்
அந்தப் பெண்ணின் கஷ்டம் எனக்கும் புரிகிறது, அண்ணா. ஆனால் காரணம் பெரும்பாலும் எழுத்துருதான். 2023 முதல் வேர்டு தானாகக் கொடுப்பது ஆப்டோஸ் என்ற எழுத்துரு. அது இல்லாத கணினியில் வேறொன்று அந்த இடத்தில் உட்காரும். எழுத்தின் அகலம் மாறும், வரி மடங்கும், பக்கம் நகரும். கல்லூரிகள் வழக்கமாகக் கேட்பது டைம்ஸ் நியூ ரோமன் 12 புள்ளி. விண்டோஸில் அது எப்போதும் இருக்கிறது. தொடக்கத்திலேயே அதை வைத்துவிட்டால் பாதிக்கு மேல் சிக்கல் தீரும். அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் கொடுத்தால் உங்கள் கடையில் ஒரு வரிகூட நகராது.

நகலகம்
பிடிஎஃப் எனக்குப் போதும். வழிகாட்டிப் பேராசிரியருக்கு? அவர் வேர்டில் திருத்தம் போட்டு அனுப்புவார், மாணவி சரிசெய்து திருப்பி அனுப்புவாள். நான்கு முறை போய் வந்தால், படங்களும் சமன்பாடுகளும் எங்கே நிற்கும் என்று உறுதி சொல்ல முடியுமா?

கட்டற்றவன்
சமன்பாடு நிறைந்த அறிக்கைக்கு உறுதி சொல்ல மாட்டேன். அதில் நீங்கள் சொல்வது சரி.

திண்ணைப்பள்ளி
இருவரும் ஏன் நிறுவுவதைப் பற்றியே பேசுகிறீர்கள்? நான் ஆசிரியை, வினாத்தாள் எல்லாம் கூகுள் டாக்ஸில்தான். மின்சாரம் போனாலும் எழுதியது போகாது. கைபேசியிலும் திறக்கும். வேர்டையே உலாவியில் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஒரு மைக்ரோசாப்ட் கணக்கு போதும். உங்கள் அப்பாவுக்கு ஒன்று சொல்கிறேன், அக்கா: டாக்ஸில் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். என் மாமியாருக்குத் தட்டச்சு தெரியாது. தன் ஊர்க் கோயில் கதையைச் சொல்லச் சொல்ல ஒன்பது பக்கம் வந்தது. ஊர்ப்பெயர்களை மட்டும் நான் உட்கார்ந்து திருத்தினேன்.

நகலகம்
அம்மா, பாமினி என்பதைக் கவனிக்கவில்லையா? அது ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் எழுத்துரு. டாக்ஸில் நம் எழுத்துருவை நாமே ஏற்ற முடியாது. 140 பக்கமும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ‘தமிழ்’ என்பதன் கடைசிப் புள்ளி ஓர் அரைப்புள்ளியாக நிற்கும். பெரியவர் அதைப் பார்த்தால் எல்லாம் அழிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

திண்ணைப்பள்ளி
உண்மைதான், அதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிடுவதே நல்லது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன.

நகலகம்
மாற்றலாம், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். பாமினிக் கோப்பில் நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழ் என்றே எடுத்துக்கொண்டு பொருளில்லாத எழுத்துகளாக்கிவிடும். தலைப்பெழுத்து, பட்டம், கம்பெனிப் பெயர் எல்லாம் அப்படிப் போகும். பத்துப் பத்துப் பக்கமாக மாற்றிப் பெரியவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கோப்பின் ஒரு நகலைப் பென்டிரைவில் போட்டு எடுத்து வையுங்கள்.

ஓலைச்சுவடி
சன் நிறுவனம் திறந்துவிட்ட அந்தப் பழைய ஓப்பன் ஆபிஸே போதாதா? பத்து ஆண்டுகளாக அதில்தான் எழுதுகிறேன்.

கட்டற்றவன்
உங்கள் சொந்தக் கடிதங்களுக்குப் போதும், ஐயா. ஆனால் அது டாக்எக்ஸ் என்ற இன்றைய வேர்டு கோப்பைத் திறக்குமே தவிர, அந்த வடிவில் சேமிக்காது. கல்லூரிக்கு உதவாது.

வைகைக்கரை
மூன்று நாளாகச் செய்துபார்த்ததை எழுதுகிறேன். லிப்ரெ ஆபிஸ் நிறுவி, பாமினியையும் போட்டேன். அப்பாவின் கோப்பு அப்படியே திறந்தது. ஆனால் புதிய பத்தி அடிக்க உட்கார்ந்தவர் கால் மணி நேரத்தில் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார். வாக்கியம் ‘தமிழ்’ என்று தொடங்கினால் திரையில் ‘துமிழ்’ என்று விழுகிறது. அடித்து அடித்து அழிக்கிறார், மறுபடியும் அதே ‘துமிழ்’.

கட்டற்றவன்
வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி வேலை செய்கிறது. பாமினியில் ஆங்கிலச் சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. டூல்ஸில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் திறந்து, அந்த ஒரு குறியை எடுத்துவிடுங்கள்.

நகலகம்
வேர்டிலும் இதே தொல்லை உண்டு. புதுக் கணினி வாங்கியதும் என் கடையில் நான் முதலில் எடுப்பது அந்தக் குறியைத்தான்.

வைகைக்கரை
எடுத்தேன், சரியாகிவிட்டது. அப்பா நேற்று இரண்டு பக்கம் எழுதினார். மகளின் பழைய அறிக்கையைத் திறந்ததில் எட்டு சமன்பாடுகளில் இரண்டு இடம் மாறியிருந்தன. எனவே அவள் மட்டும் கல்லூரி ஆய்வகக் கணினியில் வேர்டில் முடிக்கட்டும் என்று தீர்மானித்தோம். வீட்டில் முதல் வரைவை உலாவி வேர்டில் எழுதிக்கொள்கிறாள். மகளிர் குழுக் கடிதத்தை நான் லிப்ரெவில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கி வங்கியில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். சந்தா கட்டவில்லை.

நகலகம்
இறுதியாண்டு அறிக்கைக்கு மட்டும் ஒரு மாதச் சந்தா எடுங்கள், அம்மா. ஆய்வகத்தில் கடைசி வாரம் இடம் கிடைக்காது.

வைகைக்கரை
அதைக் குறித்துக்கொண்டேன், அண்ணா. யூனிகோடுக்கு மாற்றும் வேலையை முதல் பத்துப் பக்கத்தோடு ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம். பட்டங்களையும் கம்பெனிப் பெயர்களையும் அப்பா சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறார்.