டச் ஆஃப் ஈவில்: 1958 பிரிண்டா, 1998 பிரிண்டா?

பின்வரிசை:
ஆர்சன் வெல்ஸ் டைரக்ட் பண்ண இந்தப் படத்தைப் புதுசா பார்க்கிறவங்க, 1958-ல ரிலீஸானதை விட்டுட்டு, 1998-ல திரும்ப எடிட் பண்ண பதிப்பைத்தான் பார்க்கணும்னு ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டே இருக்கு. எனக்கு உடன்பாடு இல்ல. படம் தொடங்குறப்ப, குண்டுல டைமரைத் திருகுறதுல ஆரம்பிச்சு, ஹீரோ வர்காஸும் மனைவி சூசனும் முத்தம் கொடுக்கிற வரைக்கும் மூணு நிமிஷத்துக்கு மேல ஒரே ஷாட். அதுக்கு மேல, 1958 பிரிண்ட்ல, இசையமைப்பாளர் ஹென்றி மான்சினியோட போங்கோ தாளம். அதைத் தூக்கிட்டா அந்த ஷாட்டுக்கு நாடித்துடிப்பே போயிடும்.

எடிட்டிங் டேபிள்:
தூக்கச் சொன்னதே ஆர்சன் வெல்ஸ்தான் சார். யுனிவர்சல் ஸ்டூடியோ தன் இஷ்டத்துக்கு வெட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, 1957 டிசம்பரில் 58 பக்கக் குறிப்பு அனுப்பினார். ஷாட் மேல் டைட்டில் எழுத்து கூடாது, கிளப் வாசல்களில் இருந்து வெவ்வேறு இசை கேட்கணும் என்றெல்லாம் கேட்டார். 1998-இல் எடிட்டர் வால்டர் மர்ச் அதைச் செய்தபோது, குண்டு வைத்த காரின் ரேடியோவுக்கு உயிர் வந்தது. கார் ஃப்ரேமுக்கு வெளியே போனாலும் பாட்டு நெருங்குவதை வைத்துக் குண்டு எங்கே இருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும். மேலே பிஜிஎம் ஓடினால் அது அமுங்கிப்போகும். இசை தெருவில் ஒலிப்பதுபோல் இருக்க, ஸ்பீக்கரைச் சந்தில் வைத்து ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள் என்கிற அளவுக்கு எழுதியிருக்கிறார்.

பின்வரிசை:
சரி, ஆனா அது அவர் ஆசைப்பட்ட படமா? ஸ்டூடியோ வெட்டி முடிச்ச பிறகு, இதையாவது திருத்துங்கன்னு கேட்ட கடிதம் அது. ஸ்டூடியோ கூட்டிட்டு வந்த வேற டைரக்டர் ஹாரி கெல்லர் எடுத்த காட்சிகள் 1998-லயும் இருக்கே! வெல்ஸ் கையால முடிச்ச பதிப்பு எங்கயும் கிடையாது. அப்புறம் 1958-ல ஜனங்க பார்த்ததை ஏன் ஒதுக்கணும்?

எடிட்டிங் டேபிள்:
ஒதுக்கச் சொல்லவில்லை. ஊழல் போலீஸ் அதிகாரி குவின்லனின் விசுவாசக் கூட்டாளி மென்சீஸ் விஷயத்தை மட்டும் பாருங்கள். ஆவண அறையில் குவின்லனுக்கு எதிரான ஆதாரத்தை வர்காஸ் காட்டும்போது மென்சீஸுக்கு ஒரு குளோசப் இருந்தது. வைட் லென்ஸில் முகம் கோணிவிட்டது, எடுத்துவிடுங்கள் என்று வெல்ஸ் எழுதியிருந்தார். மர்ச் எடுத்தார். குளோசப் இருந்தால் மனுஷன் அங்கேயே உடைந்துபோகிறார். பின்னால் குவின்லனின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ய மைக் கட்டிக்கொள்வது வர்காஸுக்கு அடங்கிப் போனதுபோல் ஆகிறது. இல்லாவிட்டால் அது அவரே எடுத்த முடிவு. ஒரு ஷாட், ஒரு முழுப் பாத்திரம்!

நைட்ரேட்:
குறுக்கே வரேன். எந்த டிஸ்க்னு சொல்லாம சண்டை போட்டா என்ன பிரயோஜனம்? ஓடுற நேரத்தைப் பாருங்க. ஏறத்தாழ 95 நிமிஷம்னா 1958 ரிலீஸ், 108-னா ரிலீஸுக்கு முன்னாடி போட்டுப் பார்த்த பிரிவியூ பிரிண்ட், 111-னா மர்ச். நடுவுல இருக்கிறதுலதான் பலரும் ஏமாறுறாங்க. நீளமா இருக்கிறதால அதுதான் ஒரிஜினல்னு நினைப்பாங்க. அதுல வெல்ஸ் காட்சிகளோட கெல்லர் காட்சிகளும் சேர்த்துத்தான் கூடியிருக்கு. 1.37 விகிதத்துல, அதாவது பழைய டிவி மாதிரி சதுரத்துக்குக் கிட்ட இருக்கிற ஃப்ரேம்ல பார்க்கிறவங்க டிவியில ஜூம் போடாதீங்க, மேலயும் கீழயும் வெட்டு விழும்.

பின்வரிசை:
வெடிப்புக்கு அப்புறம் சூசனையும் வர்காஸையும் மாத்தி மாத்திக் காட்டுற இன்டர்கட்ல 1998 ஜெயிக்குது, அதை மறுக்கல. மான்சினியோட தீம் மியூசிக்கை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எடிட்டிங் டேபிள்:
தீம் மியூசிக்கை இசைத்தட்டில் கேளுங்கள் சார், யார் தடுத்தது?