மாடித்தோட்டப் புத்தகத்தை நாமே போடலாமா?

மதுரை_மாடி:
வணக்கம். எங்கள் தோட்டக் குழுவுக்காக வாட்ஸ்அப்பில் எழுதிய குறிப்புகள் சேர்ந்து 120 பக்கம் அளவுக்கு வந்துவிட்டன. எந்த மாதம் எதை விதைப்பது, மதுரை வெயிலுக்கு எது தாங்கும், அப்புறம் பூச்சி, இலைநோய்ப் படங்கள். ஒரு பதிப்பகத்தில் கேட்டதற்கு, "யூடியூபில் எல்லாம் இருக்கே, யார் வாங்குவாங்க?" என்றார்கள். நாமே போடலாமா? அமேசானின் கிண்டில் மின்நூல் மட்டும் போதுமா?

விதைப்பை:
கிண்டிலே போதும் அக்கா. அமேசானில் நாமே மின்நூல் போடும் தளமான கேடிபியில் தமிழ் ஏற்கிறது, கைக்காசு செலவில்லை, மின்நூலுக்கு ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்) கட்டாயமும் இல்லை.

சிறுபதிப்பு_கோவை:
கதைப் புத்தகம் என்றால் தம்பி சொல்வது சரி. படம் நிறைந்த புத்தகத்துக்குக் கணக்கு வேறு.

இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அவர்களின் தனித் திட்டத்தில் சேர வேண்டும். அதில் இருக்கும்வரை மின்நூலை வேறெங்கும் கொடுக்க முடியாது. அதோடு கோப்பின் அளவைப் பார்த்து எம்பிக்கு 7 ரூபாய் கழிப்பார்கள். உங்கள் கோப்பு 20 எம்பி, விலை 199 என்று வையுங்கள். 140 போய் மிச்சம் 59, அதில் 70 சதவீதம் என்றால் 41 ரூபாய் சொச்சம். 35 சதவீதத் திட்டத்தில் இந்தக் கழிவே கிடையாது, அங்கே 69 ரூபாய்க்கு மேல் நிற்கும். இரண்டிலும் வரியைச் சேர்க்கவில்லை.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை நிறம். இரும்புச்சத்து குறைந்தால் இளந்தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மெக்னீசியம் குறைந்தால் அதே மாதிரி மஞ்சள் முதலில் அடியிலையில் வரும். கருப்பு வெள்ளைக் கிண்டிலில் எல்லாமே சாம்பல்தான். படத்தை நம்பித்தானே வாங்குகிறார்கள்?

அதனால் அச்சில் போடுங்கள் அம்மா. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம். 120-ஐ 128 ஆக்கினால் 8 ஃபாரம் கச்சிதம். 7 ஃபாரம் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் (சாதாரணப் புத்தகத் தாள்) கருப்பு வெள்ளை. ஒரே ஒரு ஃபாரம் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் வண்ணம். நோய்ப் படங்கள் எல்லாவற்றையும் அந்த 16 பக்கத்தில் எண் போட்டு அடுக்கி, உள்ளே "படம் 23 பார்க்க" என்று கொடுத்தால் போதும். புத்தகம் முழுக்க வண்ணம் என்று இறங்கினால் விலை எகிறும், வாங்க வேண்டியவர்களே வாங்க மாட்டார்கள். முதலில் டிஜிட்டல் அச்சில் 100 பிரதி போட்டு, கேட்பு வந்த பிறகு நிறையப் பிரதி அடிக்கும் ஆஃப்செட்டுக்குப் போங்கள். பைண்டிங் தையல் போட்டதாக இருக்கட்டும். மண் கையோடு விரித்து வைப்பார்கள், வெறும் பசை ஒட்டு தாங்காது.

யூடியூப் பற்றிச் சொன்னார்களே, அது எனக்கு ஒப்பவே இல்லை. வெண்டை இலை சுருண்டதும் 18 நிமிட வீடியோவில் அந்த ஒரு நிமிடத்தை எங்கே தேடுவது? புத்தகத்தில் அறிகுறி வாரியாகப் பொருளடைவு போடுங்கள்: "இலை சுருளுதல்", "பிஞ்சு உதிர்தல்", "வெள்ளைப் படிவு". எழுதுகிற நேரத்தில் பாதியை அதற்கே கொடுத்தாலும் தகும். மதுரைக்கான மாத அட்டவணையும் வேறு எவரிடமும் கிடைக்காது.

விற்பனைக்குப் புத்தகக் கடையை மட்டும் நம்ப வேண்டாம். விதைத் திருவிழாக்களிலும் நாற்றுப்பண்ணைகளிலும் வையுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, தைப்பட்டம் இரண்டும் சேர்ந்து வரும். அதை விட்டால் ஆடிப்பட்டத்துக்கு முன்னால் கொண்டு வாருங்கள்.

பக்கவடிவம்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. பக்கம் அமைப்பவரிடம், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்துருவில்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னமும் பல இடங்களில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அச்சில் அழகாகத்தான் வரும். பின்னால் மின்நூலாக்க எடுத்தால் எல்லாம் குப்பை எழுத்து, மறுபடி மாற்றி மெய்ப்புப் பார்க்க வேண்டும். முதல் அத்தியாயம் வந்ததும் பிடிஎஃப்பில் ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழே வரவில்லை என்றால் பழைய எழுத்துரு. தமிழாக வந்து கொம்பும் காலும் மட்டும் இடம் மாறினால் பயம் வேண்டாம், அது பிடிஎஃப்பின் குணம். மூலக் கோப்பில் சரியாகவே இருக்கும்.

மதுரை_மாடி:
ரொம்ப நன்றி. அச்சுதான் என்று முடிவு செய்துவிட்டேன். வெளியூருக்கு அனுப்பத் தபால் செலவு அதிகமாகுமா? ஐஎஸ்பிஎன் யாரிடம் வாங்குவது?

சிறுபதிப்பு_கோவை:
ஐஎஸ்பிஎன் இலவசம். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அட்டை வடிவமைப்புக்கு முன்பே போட்டுவிடுங்கள், எண் பின்னட்டையில் வர வேண்டும்.

தபாலுக்கு, 2025 மே மாதம் தொடங்கிய கியான் போஸ்ட் என்ற அஞ்சல் துறைச் சேவையைப் பாருங்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் உங்கள் புத்தகம் 200 கிராமைத் தாண்டாது. கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கான சேவை என்பதால், ஒரு பிரதியைக் கொண்டுபோய் அஞ்சலகத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள். அச்சகம் அல்லது பதிப்பாளர் பெயர் உள்ளே அச்சாகியிருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. நாற்றுப்பண்ணைக்காரர் கடைசிப் பக்கத்துக்கு விளம்பரம் கொடுக்க வந்தால் வாங்காதீர்கள்.