இடம் மாறிய ஒரு புள்ளி: ஃபுளோரன்ஸ் சிறுகோளைப் பார்த்த இரவு

2017 செப்டம்பர் 1, ஃபுளோரன்ஸ் பூமியை மிக நெருங்கிய நாள். நெருக்கம் என்றாலும் 70 லட்சம் கிலோமீட்டர். நிலவின் தொலைவைப் போல் 18 மடங்கு. 1890-க்குப் பிறகு அது இவ்வளவு கிட்டே வந்ததில்லை, இனி 2500-ஐத் தாண்டித்தான் வரும் என்று படித்திருந்தேன். வளர்பிறை நிலவு வானத்தை வெளுக்க வைத்திருந்தும், ஆறு அங்குலத் தொலைநோக்கியோடு மாடிக்குப் போய்விட்டேன்.

அவிட்டம் என்று நாம் சொல்லும் டெல்பினஸ் விண்மீன் கூட்டத்தின் பக்கம் தேடினேன். எல்லாமே புள்ளிகள். எது விண்மீன், எது கல் என்று பிரித்தறிய வழியே இல்லை. சிவப்பு விளக்கொளியில் நோட்டில் ஏழு புள்ளிகளை இருந்தபடியே வரைந்துகொண்டேன். இருபது நிமிடம் கழித்து மறுபடி குனிந்து பார்த்தபோது ஆறு அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் வரைந்த இடத்தில் இல்லை.

உடல் சிலிர்த்துவிட்டது. சுமார் நாலரை கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு மலை, நொடிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைக் கடந்துகொண்டிருந்தது. அந்த வேகம் என் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு மணி நேரத்தில் முழுநிலவின் அகலத்தில் முக்கால் பங்கு நகர்வு. அதிலிருந்து வந்த ஒளி 23 நொடி பழையது. மற்ற ஆறு புள்ளிகளின் ஒளி எத்தனை ஆண்டு பழையதோ!

சில நாள் கழித்துத்தான் இன்னொரு செய்தி வந்தது. அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் ரேடார் அதே நாட்களில் எடுத்த படங்களில் ஃபுளோரன்ஸைச் சுற்றி இரண்டு குட்டி நிலவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 100 முதல் 300 மீட்டர். நடுக்கோட்டை ஒட்டி ஒரு மேடு, ஒரு பெரிய பள்ளம் எல்லாம் தெரிந்தன. நான் ஒன்று என்று வரைந்த புள்ளிக்குள் மூன்று பொருள்கள்! அந்த நோட்டுப் பக்கத்தை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பயந்து கேட்பவர்களுக்கு: இதை அபாய வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்திருப்பது உண்மை. ஆனால் அது அளவையும் நம் பாதைக்கு வரும் நெருக்கத்தையும் பார்த்துத் தரும் பெயர். அமோர் வகையைச் சேர்ந்த இது சூரியனுக்கு மிக அருகில் வரும்போதும் பூமியின் பாதைக்குச் சற்று வெளியேதான் நிற்கிறது. ஒரு சுற்றுக்கு 2.35 ஆண்டு.

*

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஈராஸ் என்ற சிறுகோளைப் பார்த்த இரவு எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. உங்களுக்கு இடம் மாறியது, எனக்கு ஒளி மாறியது. பக்கத்து விண்மீனுக்குச் சமமாக இருந்த புள்ளி ஒரு மணி நேரத்தில் அதைவிட மங்கிவிட்டது. மேகமோ என்று நிமிர்ந்து பார்த்தேன். வானம் துப்புரவாக இருந்தது. ஈராஸ் 34 கிலோமீட்டர் நீளமும் 11 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நீண்ட கல். ஐந்தேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை சுழல்கிறது. அகன்ற பக்கத்தைக் காட்டும்போது பிரகாசம், முனையைக் காட்டும்போது மங்கல். 2001-இல் நியர் ஷூமேக்கர் விண்கலம் போய் இறங்கியதும் இந்தக் கல்லில்தான். அதன் வடிவத்தை நான் படத்தில் முன்பே பார்த்திருந்தேன். ஆனாலும் அது புரண்டு திரும்புவதை என் கண்ணாலேயே உணர்ந்தது அன்றுதான்.

*

நீங்கள் பார்த்த ஈராஸ் போல இல்லை, நான் பார்த்த ஃபுளோரன்ஸ் ஏறக்குறைய உருண்டை, அதனால் அதன் ஒளி அவ்வளவாக மாறாது. 2.36 மணி நேரத்துக்கு ஒரு சுழற்சி, ஈராஸைவிட இரு மடங்கு வேகம். அன்று விடியும்வரை விழித்திருந்தேன். என் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அடுத்து ஈராஸ் நெருங்கும்போது அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் வரைவேன்.