‘ரீஅலைன்மென்ட்’: வட்டமாறலா, வட்டப்பெயர்ச்சியா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதும்போது இரண்டு சொற்கள் பத்திக்குப் பத்தி இடறுகின்றன: கான்ஃபரன்ஸ், ரீஅலைன்மென்ட். முதலாவதற்கு இயந்திர மொழிபெயர்ப்பு ‘மாநாடு’ என்று போடுகிறது. “2023 ஆகஸ்டில் பாக்-12 மாநாடு சிதைந்தது” என்று படிப்பவர், பந்தல் சரிந்து யாருக்கோ அடிபட்டது என்றுதான் நினைப்பார். இரண்டாவதற்குக் கிடைப்பது ‘மறுசீரமைப்பு’.

பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் தாமே சேர்ந்து வைத்துக்கொண்ட லாபநோக்கற்ற அமைப்பு. உறுப்பினர்களுக்குள் ஆட்ட அட்டவணை போடும், நடுவர்களை அமர்த்தும், பட்டம் தரும். இன்றைக்கு அதன் தலையாய வேலை, உறுப்பினர்களின் ஒளிபரப்புரிமையை ஒரே கட்டாகக் கட்டித் தொலைக்காட்சிக்கு விற்று, வந்ததைப் பங்கிடுவது. 1984 வரை கல்லூரிக் கால்பந்தின் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, அமெரிக்கக் கால்பந்து) ஒளிபரப்பு, கல்லூரி விளையாட்டுக்கான நாடளாவிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் பிடியில் இருந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழக ஆட்சிக்குழு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தப் பிடியை உடைத்தது. (கல்லூரிக் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்த நீதிபதி பைரன் வைட், மாறுபட்ட இருவரில் ஒருவர்.) விற்கும் உரிமை கைக்கு வந்தபின் ‘யாரோடு சேர்ந்து விற்பது’ என்பதே கேள்வியாகிவிட்டது. ரீஅலைன்மென்ட், அதாவது ஒரு கான்ஃபரன்ஸை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, அந்தக் கேள்விக்கு அவ்வப்போது மாறும் விடை.

என் முன்மொழிவு: கான்ஃபரன்ஸ் = கூட்டணி; ரீஅலைன்மென்ட் = கூட்டணி மாற்றம். தமிழ் வாசகருக்கு விளக்கவே வேண்டாம்.

— செ.


மடல் 2

> கான்ஃபரன்ஸ் = கூட்டணி

செ. ஐயா, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. 2021 ஜூலையில் டெக்சஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் பிக் 12 என்ற கான்ஃபரன்ஸை விட்டு எஸ்.இ.சி. என்ற இன்னொன்றுக்குப் போவதாக அறிவித்தன. மிரண்டுபோன மற்ற கான்ஃபரன்ஸ்களான பிக் டென், ஏ.சி.சி., பாக்-12 மூன்றும் ஆகஸ்டில் ‘அலையன்ஸ்’ என்றே பெயரிட்டு ஓர் ஏற்பாட்டை அறிவித்தன. கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது, நம்பிக்கைதான் என்று தலைவர்களே சொன்னார்கள். 2022 ஜூன் 30 அன்று அதே பிக் டென், அதே பாக்-12-இலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யூ.எஸ்.சி.யையும் யூ.சி.எல்.ஏ.வையும் எடுத்துக்கொண்டது. கூட்டணி என்ற சொல் இதற்குத்தான் பொருந்தும், எல்லா அர்த்தத்திலும்.

‘மறுசீரமைப்பு’ ஏன் தவறு என்றால், மேலே ஒருவர் உட்கார்ந்து ஒழுங்குபடுத்துவதாகத் தொனிக்கிறது. இங்கே மேலே யாரும் இல்லை. எந்தப் பள்ளி (அமெரிக்க வழக்கில் பல்கலைக்கழகமும் ‘பள்ளி’தான்) எந்த கான்ஃபரன்ஸில் இருக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் என்.சி.ஏ.ஏ.வுக்குக் கிடையாது.

‘அணிமாற்றம்’ என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: ஒரு மாணவ ஆட்டக்காரர் கல்லூரி மாறுவதற்கு, அதாவது டிரான்ஸ்ஃபருக்கு, அந்தச் சொல் வேண்டும். இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுத நேரும்.

— ந.


மடல் 3

‘சம்மேளனம்’ என்று எழுத வாயெடுத்தேன். எங்கள் பக்கம் கால்பந்தாட்டச் சம்மேளனம் என்றால் ஃபெடரேஷன். நாடு முழுவதற்குமான ஆளும் அமைப்பு அது, ஒத்துவராது. ‘கழகம்’, ‘சங்கம்’ இரண்டையும் என்.சி.ஏ.ஏ. போன்றவை பிடித்துக்கொண்டுவிட்டன.

செ. அண்ணா, பேசாமல் ‘லீக்’ என்றே விட்டால் என்ன? ஐவி லீக்கும் ஒரு கான்ஃபரன்ஸ்தானே?

— வ.


மடல் 4

> ‘லீக்’ என்றே விட்டால் என்ன?

லீக் என்றால் நம்மவர் ஐ.பி.எல்.லை நினைப்பார்கள்: உரிமையாளர், ஏலம், ஒரே அமைப்பின் கீழ் எல்லா அணிகளும். மேலும் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்குக்குள்ளேயே இரண்டு கான்ஃபரன்ஸ் இருக்கின்றன. அங்கே அது வெறும் உட்பிரிவு. கல்லூரியில் கான்ஃபரன்ஸ்தான் ஒப்பந்தக்காரர், வழக்காடுபவர், பணம் பிரிப்பவர்.

போட்டிவட்டம் என்று முன்மொழிகிறேன். ‘வாசகர் வட்டம்’ போல, விரும்பிச் சேர்ந்த உறுப்பினர் குழு என்ற பொருள் இருக்கிறது. ஆட்டம் சுற்றி வருவதும் இருக்கிறது: பாக்-12 முன்பு பாக்-10 என்று பத்துப் பேரோடு இருந்த 2006–2010 பருவங்களில் ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பதோடும் கால்பந்து ஆடியது. சூழலில் தெளிவானபின் ‘வட்டம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

ரீஅலைன்மென்டுக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். ஒரு பள்ளி எடுக்கும் முடிவு வேறு, அதனால் கிளம்பும் அலை வேறு. முதலாவதை வட்டமாறல் என்போம். இரண்டாவது வட்டப்பெயர்ச்சி. குருப்பெயர்ச்சியில் இடம்பெயர்வது ஒரு கிரகம், பலன் பன்னிரண்டு ராசிக்கும். பாக்-12-இல் நடந்ததைப் பாருங்கள். இரண்டு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகள் கிளம்பியதும் தொலைக்காட்சிக்காரருக்கு அந்தச் சந்தை போயிற்று. 2022 அக்டோபரில் பிக் 12 முந்திக்கொண்டு ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸுடன் ஆறு ஆண்டுக்கு 228 கோடி டாலர் ஒப்பந்தத்தை முடித்தது. பள்ளிக்கு ஆண்டுக்குச் சுமார் 3.17 கோடி. பாக்-12 கையில் எஞ்சியது ஆப்பிளின் இணையவழி ஒளிபரப்பு வாய்ப்பு. சந்தாதாரர் சேரச் சேரத்தான் தொகை ஏறும். 2023 ஜூலை 27 கொலராடோ போனது. ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து: ஆரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1 ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா-பெர்க்லியும் ஏ.சி.சி.க்கு. மிச்சம் ஆரெகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும்.

— இ.


மடல் 5

> போட்டிவட்டம்

‘வட்டம்’ என்றால் தாலுகா என்றும் பொருள் உண்டே? பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்ட், அட்லாண்டிக் கரை என்று பெயர் வைத்த ஏ.சி.சி.யில் ஆடுகிறது. லாஸ் ஏஞ்சலஸின் யூ.சி.எல்.ஏ.வும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் ஒரே வட்டம் என்றால் வட்டாட்சியர் மயங்கி விழுவார். சுற்றி ஆடுவதும் போய்விட்டது: பிக் டென்னில் இப்போது 18 பள்ளிகள், வட்டத்துக்குள் ஆளுக்கு ஒன்பது கால்பந்து ஆட்டம். பாதிப் பேரை அந்த ஆண்டு பார்க்கவே மாட்டார்கள்.

ஆனாலும் என் வாக்கு உண்டு. பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் பொருத்தமில்லாமை இந்தத் துறையின் இயல்பே. 18 பேர் கொண்ட பிக் டென், 16 பேர் கொண்ட பிக் 12. ஒரே ஓர் எச்சரிக்கை: கான்ஃபரன்ஸின் தலைமை நிர்வாகியான கமிஷனரை ‘வட்டச் செயலாளர்’ என்று எழுதிவிடாதீர்கள், தமிழ்நாட்டில் அந்தப் பதவிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார். ‘வட்ட ஆணையர்’ போதும்.

அரசியல் பக்கத்துக்கும் சொல் வேண்டும். வட்டமாறலில் மாநில அரசு தலையிடுவது புதிதல்ல. 2003-இல் ஏ.சி.சி. விரிவடைய ஒன்பதில் ஏழு வாக்கு வேண்டும். டியூக், வட கரோலினா பல்கலைக்கழகங்கள் எதிர்த்ததால், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வாக்கு இல்லாமல் எதுவும் நகராது. ஆளுநர் மார்க் வார்னர் அதைப் பயன்படுத்தி, மாநிலத்தின் இன்னொரு பள்ளியான வர்ஜீனியா டெக்கையும் சேர்க்க வைத்தார். யூ.சி.எல்.ஏ. விஷயத்தில் இதுவே தலைகீழ். அதுவும் பெர்க்லியும் ஒரே பல்கலைக்கழக அமைப்பு. ஒன்று போனதால் மற்றொன்றின் வருமானம் சரிந்தது. ஆட்சிக்குழு 2024-இல், யூ.சி.எல்.ஏ. பெர்க்லிக்கு மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 1 கோடி டாலர் தர வேண்டும் என்றது. அமெரிக்க இதழாளர்கள் இதை மணமுறிவு ஜீவனாம்சத்தோடு சேர்த்துக் கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு ‘ஈட்டுப்பங்கு’ போதும்.

— ந.


மடல் 6

வட்டங்கள் முடிந்தன என்று கொண்டு ஒப்பந்தச் சொற்களுக்கு வருகிறேன். பிழை மலியும் இடம் இதுதான்.

கிராண்ட் ஆஃப் ரைட்ஸ். ‘உரிமை வழங்கல்’ என்று எழுதினால் உரிமம் கொடுத்ததுபோல ஆகிவிடும். உண்மையில் பள்ளி தன் சொந்த மைதான ஆட்டங்களின் ஒளிபரப்புரிமையை, குறித்த ஆண்டு வரை, வட்டத்துக்கே மாற்றிக் கொடுக்கிறது. இடையில் பள்ளி வட்டத்தை விட்டுப் போனாலும் உரிமை பழைய வட்டத்திடமே நிற்கும். புதிய வட்டம் அந்தப் பள்ளியைச் சேர்த்து விற்க எதுவும் இருக்காது, பூட்டு அதுதான். ஆகவே உரிமை ஒப்படைப்பு.

‘ஒத்தி’ பொருந்துமா என்று பார்த்தேன். கெடு முடியும்வரை அனுபோகம் அவர்களுக்கு, பிறகு நமக்குத் திரும்பும் என்ற அளவில் பொருந்துகிறது. ஆனால் ஒத்தியில் பணம் கட்டினால் மீட்கலாம். ஏ.சி.சி. பத்திரத்தில் அப்படி மீட்கும் வழி எழுதப்படவில்லை. 2013-இல் எழுதி, 2016-இல் 2036 வரை நீட்டினார்கள். ஏ.சி.சி. உறுப்பினரான ஃபுளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரில் தன் ஊர் இருக்கும் லியோன் கவுண்டியில் வழக்குப் போட்டது. அதற்கு முந்தைய நாளே ஏ.சி.சி. வட கரோலினாவில் போட்டுவிட்டது. யார் ஊர் நீதிமன்றம் விசாரிக்கிறது என்பதே பாதி வெற்றி என்பதால் இந்த ஓட்டப்பந்தயம். இன்னோர் உறுப்பினரான கிளெம்சனும் 2024 மார்ச்சில் தன் பங்குக்கு வழக்குப் போட்டது. வெளியேற மொத்தம் 57.2 கோடி டாலர் ஆகும் என்பது ஃபுளோரிடா ஸ்டேட்டின் கணக்கு.

2025 மார்ச்சில் சமரசம். விலகுவதற்கான தொகை 2026-இல் 16.5 கோடி, ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்துகொண்டே வந்து 2030-31-இல் 7.5 கோடியில் நிற்கும். கட்டினால் உரிமையும் கூடவே வரும். ஆக, ஒப்படைப்பாக எழுதியது இப்போது ஏறக்குறைய ஒத்தியாகிவிட்டது. ஆனாலும் பொதுச்சொல் ‘ஒப்படைப்பு’ என்றே இருக்கட்டும், மற்ற வட்டங்களின் பத்திரங்கள் வேறு மாதிரி.

எக்ஸிட் ஃபீ. இதை ‘அபராதம்’, ‘தண்டம்’ என்று எழுதவே கூடாது. அமெரிக்க ஒப்பந்தச் சட்டத்தில் தண்டனையாக வைக்கும் தொகை செல்லாது. இழப்பை நியாயமாக முன்கூட்டி மதிப்பிட்டதாக இருந்தால்தான் செல்லும். வெளியேறும் பள்ளி ‘இது தண்டம்’ என்று வாதிடும், வட்டம் ‘இது இழப்பீடு’ என்னும். மேரிலாந்து பல்கலைக்கழகம் 2012-இல் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தபோது ஏ.சி.சி. கேட்டது 5 கோடி 20 லட்சத்துக்கு மேல். 2014-இல் ஏறத்தாழ 3 கோடி 14 லட்சத்தில் முடிந்தது. ‘தண்டம்’ என்று நாம் எழுதினால் ஒரு தரப்புக்குத் தீர்ப்பு எழுதியதாகும். விலகுதொகை எந்தப் பக்கமும் சாயாத சொல்.

ஒரு நுட்பம். ஒப்படைப்பின் கெடு முடிவதும் ஒளிபரப்பு ஒப்பந்தம் முடிவதும் ஒரே நாளில் வந்தால் வட்டத்தைக் காக்க எதுவும் இல்லை. பாக்-12 அப்படித்தான் 2024-இல் கதவு திறந்து கிடந்தது. பிக் 12-இன் ஒப்படைப்பு 2025 வரை இருந்ததால், ஓராண்டு முன்னதாகக் கிளம்ப டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்து 10 கோடி டாலர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

— த.


மடல் 7

த. அக்காவின் ‘விலகுதொகை’ அருமை. அதற்கு இணையாக, போச்சிங் ஃபீ என்பதற்கு இழுப்புத்தொகை. முதலாவதைக் கட்டுவது விலகும் பள்ளி, இரண்டாவதைக் கட்டுவது இழுத்துக்கொள்ளும் வட்டம். செய்திகளில் இவை கலந்துபோய்க் கூட்டல் தப்பாகிறது.

இரண்டே பள்ளிகளோடு நின்ற பாக்-12, 2024 கால்பந்துப் பருவத்துக்கு எதிரணி கிடைக்க மௌண்டன் வெஸ்ட் வட்டத்தோடு அட்டவணை ஒப்பந்தம் போட்டது. அதில் ஒரு விதி: மௌண்டன் வெஸ்டின் பள்ளியை பாக்-12 இழுத்தால் முதலாவதற்கு 1 கோடி டாலர், அடுத்தடுத்ததற்கு 5 லட்சம் கூடிக்கொண்டே போகும். செப்டம்பரில் பாக்-12 ஐந்து பள்ளிகளை எடுத்தது: பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட். கணக்குப் போடுங்கள்: 1 கோடி, 1.05, 1.1, 1.15, 1.2. மொத்தம் 5.5 கோடி. பள்ளிகளின் விலகுதொகை தனி. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பாக்-12-ஏ பிறகு இந்த விதி செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் போனது. ஏன் இந்த அவசரம் என்றால், என்.சி.ஏ.ஏ. விதிப்படி வட்டத்துக்கு எட்டு உறுப்பினர் வேண்டும். குறைந்தால் இரண்டாண்டு அவகாசம்.

இன்னொரு சொல்: குறைபங்கு. ஆரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் முழுப்பங்கில் ஏறக்குறைய பாதிக்குத்தான் சேர்ந்தன: தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏ.சி.சி.யில் ஏழு ஆண்டுகள் 30 விழுக்காடு. டல்லாஸின் எஸ்.எம்.யூ. ஒன்பது ஆண்டுகள் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாமென்று, செல்வந்த முன்னாள் மாணவர்களை நம்பி வந்தது. இதில் ஏ.சி.சி.க்கு என்ன லாபம்? ஈ.எஸ்.பி.என். ஒப்பந்தத்தில் புதிய உறுப்பினருக்கும் முழுத்தொகை தர வேண்டும் என்ற விகித விதி இருந்தது. மூன்று முழுப்பங்கு உள்ளே வரும், புதியவர்களுக்குப் போவது கொஞ்சம், மீதி பழையவர்களுக்கு. பதினைந்தில் பன்னிரண்டு வாக்கு தேவைப்பட்ட அந்தத் தீர்மானம், வட கரோலினா ஸ்டேட் கடைசியில் பக்கம் மாறியதால்தான் நிறைவேறியது.

— இ.


மடல் 8

எல்லோருக்கும் நன்றி. போட்டிவட்டம், வட்டமாறல், வட்டப்பெயர்ச்சி, உரிமை ஒப்படைப்பு, விலகுதொகை, இழுப்புத்தொகை, குறைபங்கு ஆகியவற்றைப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். ‘ஈட்டுப்பங்கு’ மட்டும் நிறுத்திவைப்பு: யூ.சி.எல்.ஏ. தருவது வட்டத்தின் பங்கு அல்ல, ஆட்சிக்குழு விதித்த தொகை. ‘ஈட்டுத்தொகை’ என்று மாற்ற ந. சம்மதிப்பாரா?

வட்டமாறலைக் கட்சித்தாவல் சாயலில் எழுத வேண்டாம் என்று குறிப்புச் சேர்த்திருக்கிறேன். 2025 ஜூலை முதல் பள்ளிகள் ஆட்டக்காரர்களுக்கே நேரடியாகப் பணம் தரலாம். முதலாண்டு உச்சவரம்பு பள்ளிக்கு 2.05 கோடி டாலர். அது பெரும்பாலும் ஒளிபரப்புப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். பங்கு குறைந்த வட்டத்தில் இருக்கும் பள்ளிக்கு மாறுவது பேராசையா, வேறு வழியில்லாமையா என்பதைக் கட்டுரையாளர் சொல்லட்டும். கலைச்சொல் சொல்ல வேண்டாம்.

பாக்கி ஒன்று: நோட்ர டேம். கால்பந்தில் எந்த வட்டத்திலும் இல்லை, மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் ஏ.சி.சி., பனி ஹாக்கியில் பிக் டென். ‘தனித்த’ என்றால் முழுக்கத் தனி என்றாகிறது, ‘பகுதி உறுப்பினர்’ என்றால் குறைபங்குக்காரர் என்றாகிறது. வெள்ளிக்குள் யோசனை அனுப்புங்கள்.

— செ.