பேச்சியம்மாள் ஆச்சி வகையறா

சனிக்கிழமை

சண்முகம் பெரியப்பா, மாலை 6:10
பங்குனி உத்திரத்துக்கு வேன் பேசியாகிவிட்டது. காலை சரியாக 5:30க்குப் பாளையங்கோட்டையில் இருந்து கிளம்பும். சாஸ்தா கோவிலில் பொங்கல், பூஜை, மதியச் சாப்பாடு. தலைக்கட்டு வரி 1,500. வழக்கம்போலப் பிள்ளைகள் ஆளுக்குப் பத்துக் குறள் ஒப்பிக்க வேண்டும். முதல் பரிசு 500 ரூபாய்.

செல்வி அக்கா, 6:14
வரி ஜிபே பண்ணிவிட்டேன் பெரியப்பா. நாங்கள் நாலு பேர்.

இசக்கி அத்தான், 6:15
சாஸ்தா துணை

கௌரி மதினி, இரவு 8:52
மாமா, நாங்கள் சென்னையில் இருந்து முந்தின நாளே வந்துவிடுவோம். ஒரே ஒரு விஷயம். கவின் இந்த வருடம் குறள் சொல்ல மாட்டான். அவனைக் கூப்பிட வேண்டாம்.

சண்முகம் பெரியப்பா, 8:55
போன வருடம் பாதியில் எழுந்து ஓடினானே, அதற்காகவா? நாலாம் வகுப்புப் பையன். இன்னும் பத்து நாள் இருக்கிறது. தினம் ஒரு குறள் வைத்தால் முடிந்தது.

கௌரி மதினி, 8:56
பத்தும் அவனுக்குத் தெரியும் மாமா. தெரியாமல் ஓடவில்லை.

இசக்கி அத்தான், 8:58
*பலமுறை பகிரப்பட்டது*
குழந்தையின் ஞாபகசக்தி பெருக மூலிகை லேகியம்! 48 நாளில் பலன்! சீனி, செல்போன் இரண்டையும் நிறுத்தினால் எந்தப் பிள்ளையும் கலெக்டர்!

செல்வி அக்கா, 8:59
நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள்.

கௌரி மதினி, 9:20
இதை எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லி முடியாது. இங்கேயே சொல்லிவிடுகிறேன். கவினுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் உள்ள நிலை, இருக்கிறது என்று ஜனவரியில் டாக்டர் உறுதிப்படுத்தினார். சேட்டையோ வளர்ப்புக் கோளாறோ இல்லை. மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம். சட்டென்று ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. முதலில் காது டெஸ்ட், கண் டெஸ்ட். தூக்கம் எப்படி என்று கேட்டார். எங்களுக்கு ஒரு படிவம், வகுப்பு ஆசிரியைக்கு ஒரு படிவம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதிலும் இது தெரியாதாம். ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், வீடு பள்ளி இரண்டிலும் தெரிய வேண்டும், 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் சொன்னார்.

சண்முகம் பெரியப்பா, 9:24
கவனம் இல்லாத பையன் போன தடவை என் பழைய ரேடியோவை இரண்டு மணி நேரம் அசையாமல் பிரித்துப் போட்டானே. அது எப்படி?

கௌரி மதினி, 9:27
இதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன் மாமா. கவனம் அவனிடம் இருக்கிறது. எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்பதுதான் அவன் கையில் இல்லை. பிடித்த வேலை என்றால் அது தானாக இழுத்துக்கொண்டு போய்விடும். பல் தேய்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, ஷூ போட்டு வா என்றால் ஷூவோடு பாத்ரூமில் நிற்பான். பிரஷ் காய்ந்தபடி இருக்கும்.

செல்வி அக்கா, 9:30
முத்துவும் சின்னதில் அச்சு அசல் இப்படித்தானே கௌரி. அம்மா கடுகு வாங்க அனுப்பினால் பம்பரத்தோடு வருவான். பெரியவன் ஆனதும் சரியாகிவிட்டது.

முத்து அண்ணன், 9:33
சரியானதா? இன்ஜினீயரிங்கில் எத்தனை அரியர் என்று உனக்குத் தெரியாதா அக்கா. இந்த மாதம்கூட கரண்ட் பில் கட்ட மறந்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போனார்கள். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டபோது கௌரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். பரம்பரையாக வருவது அதிகமாம்.

சண்முகம் பெரியப்பா, 9:36
எங்கள் காலத்தில் இப்படி ஒரு வியாதியே கிடையாது.

நான், 9:38
இருந்தது பெரியப்பா, பெயர்தான் இல்லை. 1902லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரை நிகழ்த்தியிருக்கிறார். ஓடாமல் ஆடாமல், உட்கார்ந்த இடத்திலேயே மனம் மட்டும் எங்கோ போய்விடும் வகையும் உண்டு. பெண்பிள்ளைகளிடம் பெரும்பாலும் அது கண்ணில் படாமல் போய்விடும்.

கௌரி மதினி, 9:39
உண்மைதான். பிரியா, உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

நான், 9:44
*இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்*

செல்வி அக்கா, 9:46
என்ன வைத்தியம் கௌரி?

கௌரி மதினி, 9:53
முதலில் எங்களுக்குத்தான் பயிற்சி மதினி. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். தூரத்தில் இருந்து கத்தாமல் பக்கத்தில் போய், அவன் பார்த்த பிறகு சொல்ல வேண்டும். செய்தால் அங்கேயே, அப்போதே பாராட்ட வேண்டும். மாதக் கடைசியில் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பதெல்லாம் அவனுக்கு அடுத்த ஜென்மம் மாதிரி. பள்ளியில் முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். கரும்பலகை அழிக்கிற வேலை அவனுடையது. நடுநடுவே எழுந்து நடக்க ஒரு சாக்கு. பிப்ரவரியில் இருந்து மாத்திரையும் கொடுக்கிறோம்.

சண்முகம் பெரியப்பா, 9:54
ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மூளை மாத்திரையா! முத்து, நீ சம்மதித்தாயா?

முத்து அண்ணன், 9:59
ஒரு மாதம் யோசித்துவிட்டுத்தான் பெரியப்பா. மெத்தில்ஃபெனிடேட் என்று பெயர், 1950களில் இருந்தே இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் தர மாட்டார்கள். மந்தமாகிவிடுவானோ என்று நானும் பயந்தேன். இல்லை, அதே கவின்தான், அதே வாய். கணக்கு நோட்டில் மட்டும் கடைசிக் கணக்கு வரை போடுகிறான். அது போதும் எனக்கு.

கௌரி மதினி, 10:02
மத்தியானம் பசி குறைகிறது, அதுதான் தொல்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் எடை, உயரம், பிரஷர் பார்க்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பயிற்சிதான் முதலில். அண்ணன், அந்த லேகியம் மட்டும் வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும். சீனியால் ஏடிஹெச்டி வருவதும் இல்லை.

இசக்கி அத்தான், 10:03
நான் ஏற்கெனவே இரண்டு டப்பா ஆர்டர் போட்டுவிட்டேனே

செல்வி அக்கா, 10:07
எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவின் பையனும் இப்படித்தான். பள்ளியில் தினம் புகார். அவளால் உன்னைப்போல் செலவு செய்ய முடியாது கௌரி.

கௌரி மதினி, 10:12
அரசாங்கத்திலேயே பார்க்கலாம் மதினி. பிறந்ததில் இருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது, இலவசம். பெரியாஸ்பத்திரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் 14416க்கு அடிக்கச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், இரவிலும் எடுப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும் அந்தப் பையன் திணறினால் அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகையில் ஏடிஹெச்டி தனியாக இல்லை, கற்றல் குறைபாடு இருக்கிறது. பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கும்போது அந்தச் சான்றிதழ்தான் உதவும்.

செல்வி அக்கா, 10:13
இதை அப்படியே அவளிடம் சொல்கிறேன்.

கௌரி மதினி, 10:20
மாமா, போன வருடம் பொங்கல் பானையை இடித்துக் கவிழ்த்தபோது எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினீர்கள். கோபம் நியாயம்தான், நானும் இரண்டு அடி போட்டேன். ஆனால் "சாஸ்தா கோவிலுக்குப் போனால் நான் கெட்ட பையன் ஆகிவிடுவேன்" என்று இப்போதும் சொல்கிறான். அதனால்தான் கேட்டேன்.

*சண்முகம் பெரியப்பா படித்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு. அன்று இரவு குழுவில் வேறு யாரும் எழுதவில்லை.*

ஞாயிற்றுக்கிழமை

சண்முகம் பெரியப்பா, காலை 5:05
34 வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். ராத்திரி ஒரு பையன் ஞாபகம். பெயர் வேண்டாம். உட்காரவே மாட்டான் என்று எட்டாம் வகுப்பு முழுக்க அவனை வாசலில் நிற்க வைத்தேன். உள்ளே நான் கணக்குப் போடும்போது வாசலில் இருந்தே விடை சொல்லிவிடுவான். கேட்காமல் ஏன் சொன்னாய் என்று அதற்கும் அடித்திருக்கிறேன்.

சண்முகம் பெரியப்பா, 5:09
கௌரி, கவினுக்குக் குறள் வேண்டாம். அதற்குப் பதிலாக என்ன வேலை கொடுக்கலாம்?

கௌரி மதினி, 6:40
மாமா. அவனுக்கு நடக்கிற வேலை ஏதாவது. கிணற்றடியில் இருந்து தண்ணீர், சுள்ளி பொறுக்குவது, இப்படி. மாத்திரை பற்றி அவன் முன்னால் யாரும் பேச வேண்டாம். அது மட்டும்.

சண்முகம் பெரியப்பா, 6:44
கோவில் மணி அவன் பொறுப்பு. பூஜை முடியும் வரை அவன்தான் அடிக்கிறான். வேனில் ஜன்னலோர சீட்டும் அவனுக்கே. மற்ற பிள்ளைகள் சண்டைக்கு வந்தால் என்னிடம் அனுப்பவும்.

செல்வி அக்கா, 6:50
காது செவிடாகப் போகிறது எல்லோருக்கும்

இசக்கி அத்தான், 6:52
லேகியம் கேன்சல் பண்ணிவிட்டேன். பணம் வரவில்லை.

நான், 7:15
மதினி, இன்று ஃப்ரீயா?

கௌரி மதினி, 7:16
11 மணிக்குக் கூப்பிடு. நேற்று நீ நீக்குவதற்கு முன்னாலேயே படித்துவிட்டேன்.

ஆச்சி (செல்வி அக்கா போனில் இருந்து), 7:30
*குரல் செய்தி, 0:21*
"ஏ கௌரி, பிள்ளைக்கு மத்தியானம் பசிக்காதாமே, செல்வி சொன்னா. அப்ப கோவில்ல இருந்து வந்ததும் ராத்திரி சாப்பிடட்டும். நான் தோசைக்கு அரைச்சு வைக்கேன். எள்ளுப் பொடி இடிக்கணும். செல்வி, எள்ளு வீட்டுல கிடக்கா?"