ஆனைக்கா வீட்டுக் குழுவில் சுவான்சோ படங்கள்

வெள்ளிக்கிழமை

செல்வி (காலை 5.46): பெரியப்பா, எழுந்துவிட்டீர்களா? இங்கே மணி எட்டேகால். சுவான்சோவின் கையுவான் புத்தர் கோயிலுக்குள் நிற்கிறேன். சீனாவில் வாட்ஸ்அப் நேராகத் திறக்காது. சிங்கப்பூர் சிம்மின் ரோமிங்கில் ஓடுகிறது. படங்கள் மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா (5.48): நாலரைக்கே எழுந்து காப்பியும் குடித்தாயிற்று. பின்பக்கத் தூண்களுக்குப் போய்விட்டாயா?

செல்வி (5.50): இன்னும் இல்லை. முற்றத்திலேயே கால் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கல் கோபுரங்கள், ஐந்தைந்து நிலைகள். மரவேலையில் வரும் போதிகை, விட்டம், இறவாரம் எல்லாவற்றையும் அப்படியே கல்லில் செய்திருக்கிறார்கள். கிழக்குக் கோபுரம் 48 மீட்டர், மேற்கில் இருப்பது சற்றுக் குட்டை. இரண்டும் 13ஆம் நூற்றாண்டு. 1604இல் பெரிய நிலநடுக்கம் வந்தும் நின்றிருக்கின்றன.
[படம்] [படம்]

முரளி அண்ணன் (5.58): மேற்குக் கோபுரத்தில் குரங்கு முகத்தோடு ஒரு வீரன் இருப்பானே, அவனைப் பார்த்தாயா?

செல்வி (6.01): பார்த்தேன் அண்ணா. உயரத்தில் இருக்கிறான், பெரிய லென்ஸ் போட்டுத்தான் எடுக்க முடிந்தது. கையில் வாள். இங்கே எல்லோரும் சுன் வூகோங், சீனக் கதையில் வரும் குரங்கு வீரன், என்கிறார்கள். அனுமனின் சாயல் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.
[படம்]

கல்யாணி சித்தி (6.04): காலையிலேயே அனுமன் தரிசனம். நன்றாக இரு கண்ணே. சாப்பிட்டாயா?

செல்வி (6.05): ஆயிற்று சித்தி. நூலைவிட மெல்லிய கோதுமைச் சேமியாவைக் கஞ்சிபோல் குழைத்துத் தருகிறார்கள். இந்த ஊர்க் காலை உணவே அதுதான். சூடாக இருந்தது, வயிற்றுக்கு இதமாக இருந்தது.

செல்வி (6.31): பெரியப்பா, தூண்களுக்கு வந்துவிட்டேன். பெரிய மண்டபத்தின் பின் தாழ்வாரத்தில் இரண்டு தூண்கள். மற்றவற்றிலிருந்து தனியாகத் தெரிகின்றன. பச்சைச் சாயல் ஓடும் கருங்கல். பதினாறு பட்டை, நடுநடுவே சதுரம், சதுரத்தின் ஒவ்வொரு முகத்திலும் வட்டத்துக்குள் ஒரு சிற்பம். பார்த்தவுடன் கை தானாகக் குவிந்துவிட்டது.
[படம்] [படம்] [படம்]

பெரியப்பா (6.40): பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் படத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே குழந்தை, உரல். உரலோடு கட்டுண்ட கண்ணன் மருத மரங்களைச் சாய்த்த கதை. ஆழ்வார்கள் சலிக்காமல் பாடிய காட்சி. இரண்டாவது நரசிம்மர், மடியில் இரணியன். மூன்றாவது ஒரே இருட்டு. யானை ஒன்று இருப்பது மட்டும் தெரிகிறது.

அம்மா (6.42): யானையா? நம் கோயில் யானையா செல்வி? சிவலிங்கம் இருக்கிறதா பார்.

செல்வி (6.44): தெரியவில்லை அம்மா. தாழ்வாரம் வடக்கு பார்த்தது, வெயில் எட்டவே எட்டாது. போதாக்குறைக்குத் தூணின் உட்பக்க முகம் அது. பிளாஷ் போட்டால் சிற்பம் தட்டையாகிப் பல்லைக் காட்டும், நிழல் இருந்தால்தான் உளியின் ஆழம் தெரியும். அதனால் போடவில்லை.

பெரியப்பா (6.47): போடாதே. அரைகுறைப் படத்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்லவும் கூடாது. யானை என்றால் நம் ஊர்க் கதையாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதன் காலடியில் என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டும். இன்னொரு முறை முயன்று பார்.

கல்யாணி சித்தி (6.52): புத்தர் கோயிலில் கண்ணனும் நரசிம்மரும் எப்படி வந்தார்கள் அத்தான்?

பெரியப்பா (7.05): சித்திக்கும் பிள்ளைகளுக்குமாக எழுதுகிறேன். சோங், யுவான் அரசுகளின் காலத்தில் சுவான்சோ உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அராபியர்கள் சைத்தூன் என்றார்கள். நம் வணிகர்கள் அங்கே குடியிருந்து சிவன் கோயிலே கட்டினார்கள். 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. சகாப்தம் (சக ஆண்டு) 1203, "சித்திரைச் சித்திரை நாள்" என்று நாள் குறித்திருக்கிறார்கள். செகாசைக்கான் "திருமேனிக்கு நன்றாக" இறைவனை எழுந்தருளச் செய்தவர் சம்பந்தப் பெருமாள். செகாசைக்கான் என்பவர் குப்லாய் கான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. மங்கோலியப் பேரரசரின் உடல்நலம் வேண்டித் தமிழில் ஒரு கல்வெட்டு. கீழே சீன எழுத்தும் உண்டு. யுவான் ஆட்சியின் கடைசியில் ஊரில் பெரும் கலகம். கோயில் அழிந்தது. கற்கள் நகரத்து மதிலுக்கும் வேறு கட்டடங்களுக்கும் போயின. அடுத்து வந்த மிங் அரசின் காலத்தில் இந்த மண்டபத்தைப் புதுப்பித்தபோது இரண்டு தூண்கள் இங்கே வந்து சேர்ந்தன.

முரளி அண்ணன் (7.09): அப்பா, "திருமேனிக்கு நன்றாக" என்பதை நம் ஊர்க் கல்வெட்டுகளிலும் வாசித்துக் காட்டியிருக்கிறீர்களே.

பெரியப்பா (7.10): அதே வாசகம்தான். இங்கே சோழனுக்கும் பாண்டியனுக்கும் எழுதியதை அங்கே கானுக்கு எழுதினார்கள்.

செல்வி (7.24): மண்டபத்தின் முன் மேடையைச் சுற்றிப் பாருங்கள். சிங்க உடல், மனித முகம். இப்படியும் வெறும் சிங்கமாகவும் எழுபதுக்கு மேற்பட்ட பலகைகள், இவையும் அந்தச் சிவன் கோயிலில் இருந்தவை என்கிறார்கள். கால் வைக்கும் உயரத்தில் இருப்பதால் பலர் குனிந்துகூடப் பார்க்காமல் ஏறிப் போகிறார்கள். நான் தரையில் உட்கார்ந்து எடுத்தேன். காலை வெயில் சாய்வாக விழுகிறது, ஒவ்வொரு பிடரி மயிரும் சுருள் சுருளாகத் தெரிகிறது.
[படம்] [படம்]

பெரியப்பா (7.30): புருஷாமிருகம்! நம் கோயில் விளக்குகளில் இருக்குமே, அதேதான். ஆனால் கன்னத்தையும் கண்ணையும் பார். கதை நம்முடையது, கல்லும் உளியும் அந்த ஊருடையவை. சீனச் சிற்பி நம் கதையைக் கேட்டுக் கேட்டுச் செதுக்கியிருக்கிறான். எனக்கு அந்த மனிதனைத்தான் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது.

செல்வி (பிற்பகல் 12.10): கோயில் வளாகத்திலேயே ஒரு பழைய கப்பல் இருக்கிறது. 1974இல் வளைகுடாச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலக் கப்பல். மேல்பகுதி போய்விட்டது, மிஞ்சிய அடிப்பகுதியே 24 மீட்டர். உள்ளே பதின்மூன்று அறைகள், ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை மிதக்கும். நறுமணக் கட்டைகளும் மிளகும் கிடைத்தனவாம்.
[படம்]

முரளி அண்ணன் (12.15): பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதை அருகில் எடுத்து அனுப்பு. ஆணியடித்த விதம் தெரியவேண்டும்.

செல்வி (12.22): [படம்] [படம்] இடைவெளிகளில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது சுண்ணாம்பும் சணலும் துங் மரத்து விதை எண்ணெயும் சேர்த்து அடைத்த பூச்சு.

செல்வி (2.40): அம்மா, உடனே பாருங்கள். கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறேன்.
[படம்]

அம்மா (2.41): ஐயோ செல்வி.

அம்மா (2.41): யானை. லிங்கம். துதிக்கையில் தாமரை.

அம்மா (2.43): எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில்தான் அகிலாண்டேஸ்வரியைப் பார்த்துவிட்டு வந்தேன். யானையும் சிலந்தியும் பூசித்த இடத்தில் இத்தனை வருடம் குடியிருக்கிறோம், அந்த யானை கடல் கடந்து போயிருப்பது தெரியாமலே இருந்தோமே.

பெரியப்பா (2.55): அவசரப்பட்டு ஆனைக்காக்காரர்தான் கொண்டுபோனார் என்று சொல்லிவிடக் கூடாது. யானை லிங்கத்தைப் பூசிக்கும் சிற்பம் வேறு கோயில்களிலும் உண்டு. ஆனாலும் சோழநாட்டுச் சைவம் நன்றாக அறிந்த ஒருவர் சொல்லித்தான் இது உருவாகியிருக்கும். செல்வி, ஓரங்களையும் எடு. மேலே உள்ள அலங்காரமும் கீழே உள்ள பட்டையும் வேண்டும். எல்லோரும் யானையை மட்டும் எடுத்து மற்றதை வெட்டிவிடுகிறார்கள்.

செல்வி (3.02): எடுத்துவிட்டேன். ஓரம் ஓரமாக ஆறு படங்கள். இங்கே அராபியக் கல்லறைக் கற்களும், சிலுவையைத் தாமரைமேல் நிறுத்திய கிறித்தவக் கற்களும் இருக்கின்றன. சிங்ஜிங் பள்ளிவாசலுக்கு இனிமேல்தான் போக வேண்டும். 1009இல் கட்டியது. தொழுகை நேரம் பார்த்து வெளியில் காத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை

செல்வி (காலை 6.20): லுவோயாங் பாலம். கடல் முகத்துவாரத்தின் குறுக்கே முழுக்கக் கல். 1053இல் தொடங்கி 1059இல் முடித்தார்கள், மேற்பார்வை சாய் சியாங் என்ற அதிகாரி. அலையும் நீரோட்டமும் மோதும் இடத்தில் தூண் அடித்தளம் கலைந்துபோகாமல் இருக்க என்ன செய்தார்கள் தெரியுமா பெரியப்பா? கற்கள்மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். உயிருள்ள சிப்பி கல்லோடு கல்லை ஒட்டிக்கொண்டே போகும்.
[படம்]

பெரியப்பா (6.28): நாம் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி ஒட்டினோம். அவர்கள் உயிரோடு விட்டு ஒட்ட வைத்தார்கள். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரம் பார்த்து எடுத்தாயா?

செல்வி (6.30): ஆமாம், வற்றும் நேரத்தை விடுதிக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். தூண்களின் முன்பக்கம் படகின் மூக்குப்போல் கூராக இருப்பது அப்போதுதான் முழுதாகத் தெரியும். அடியில் சிப்பிகள் மொய்த்திருக்கின்றன. ஒரு பெண் சேற்றில் முழங்கால் புதைய நின்று கூடையில் எதையோ பொறுக்குகிறார்.
[படம்]

செல்வி (11.15): சித்தி, அம்மா, இது உங்களுக்காக. சுன்பு என்ற மீனவர் ஊர். பெண்கள் தலை நிறையப் பூ வைத்துக்கொள்கிறார்கள். கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகச் சரம், நடுவில் எலும்பாலான நீளமான ஊசி. வீட்டுச் சுவர்களெல்லாம் பெரிய பெரிய சிப்பி ஓடுகள்.
[படம்] [படம்]

கல்யாணி சித்தி (11.18): மல்லிகை மொட்டா அது? எவ்வளவு நெருக்கமாகக் கட்டியிருக்கிறார்கள்! ஸ்ரீரங்கத்துப் பூக்காரர்கள் கட்டுவதுபோலவே இருக்கிறது. நீயும் வைத்துக்கொண்டாயா?

செல்வி (11.22): வைத்துக்கொண்டேன். பூ வைத்து, உடையும் வாடகைக்குத் தந்து படம் எடுக்கும் கடைகள் தெருவெல்லாம் இருக்கின்றன. சிப்பிச் சுவருக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தில் மனம் ஒட்டவில்லை. உள்சந்தில் ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். தலையில் அன்றாடப் பூ. கேமராவைக் காட்டிக் கேட்டேன், கையை அசைத்து வேண்டாம் என்றுவிட்டார். கீழே இறக்கிவிட்டேன். சிறிது நேரம் அவருடைய விரல்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா (11.25): நல்ல காரியம் செய்தாய். கேட்காமல் எடுக்கவே எடுக்காதே.

முரளி அண்ணன் (11.31): 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது இந்த ஊரின் 22 இடங்களைச் சேர்த்தே அறிவித்தார்கள் என்று படித்தேன். நீ எத்தனை பார்த்தாய்?

செல்வி (11.34): எண்ணவில்லை அண்ணா. எண்ண ஆரம்பித்தால் தூணுக்குத் திரும்பிப் போக நேரம் இருக்காது. நாளை காலை மறுபடி கையுவான் போகிறேன். அந்த யானை மனத்தை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

செல்வி (காலை 5.38): பெரியப்பா, கிடைத்துவிட்டது. வெள்ளைத் துப்பட்டாவை எடுத்து வந்தேன். முற்றத்தில் விழும் வெளிச்சத்தைத் துணியில் வாங்கித் தூண்பக்கம் திருப்பினால் போதும் என்று தோன்றியது. ஆனால் ஒரு கையில் துணி, ஒரு கையில் கேமரா, இரண்டும் ஆடுகிறது. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி பார்த்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சைகையிலேயே மேலே, கீழே என்று சொன்னேன். கொஞ்சம் சாய்த்தவுடன் கல்லுக்குள்ளிருந்து உருவங்கள் எழுந்து வந்தன.
[படம்] [படம்]

பெரியப்பா (5.41): பொறு.

பெரியப்பா (5.49): காலடியில் முதலை. யானையின் காலைப் பற்றியிருக்கிறது பார். மேலே இருப்பவர் திருமால். கஜேந்திர மோட்சம் அம்மா இது. சந்தேகமே இல்லை.

அம்மா (5.52): அப்படியானால் நம் கோயில் யானை இல்லையா?

பெரியப்பா (5.53): இல்லை. அது அருங்காட்சியகத்தில் இருப்பது. இது ஆதிமூலமே என்று கூப்பிட்ட யானை. சிவன் கோயில் கட்டிய ஊரில் வைணவக் கதைகளும் இத்தனை அழகாக இருக்கின்றன. வந்தவர்களில் இரு சாராரும் இருந்திருக்க வேண்டும். செல்வி, அந்தத் துப்பட்டா எத்தனை முழம்? இரண்டாவது படத்தில் அதன் விளிம்பு தூணுக்கு அருகில் தெரிகிறது. வட்டத்தின் அளவைக் கணக்கிட்டுக் குறித்து வைக்கிறேன்.

செல்வி (5.56): இரண்டேகால் மீட்டர் பெரியப்பா. நாடா வைத்து அளக்கலாம் என்றால் தூணைத் தொட மனம் வரவில்லை.

பெரியப்பா (5.57): தொடாதே. இது போதும். படங்களுக்கு "கிழக்குத் தூண், தெற்கு முகம்" என்று பெயரிட்டு அனுப்பு. இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் எது எங்கே இருந்தது என்று நமக்கே மறந்துவிடும்.

கல்யாணி சித்தி (6.02): துணி பிடித்த பாட்டியைப் படம் எடுத்தாயா?

செல்வி (6.06): கேட்டேன் சித்தி. உடனே சம்மதிக்கவில்லை. முதலில் இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்து மடித்து வைத்தார், இரண்டு கையாலும் தலைமுடியைப் படிய வாரிவிட்டார், பிறகு தூணுக்குப் பக்கத்தில் வந்து நிமிர்ந்து நின்றார்.
[படம்]