பொருள்: கஃபீனை விடும்போது வரும் தலையிடிக்குக் கலைச்சொல்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சம்மாந்துறை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நோன்புக்கு முதல் பள்ளிவாசல்களில் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறோம். நாளுக்கு ஐந்தாறு தேத்தண்ணி குடித்துப் பழகியவருக்கு முதல் நோன்பன்று அஸர் நேரம் நெற்றி இடிக்கத் தொடங்கும். ஊரில் அதைப் 'பசித் தலையிடி' என்கிறார்கள். ஆங்கிலத்து 'வித்ட்ரோவல்' என்பதற்கு எங்கள் வரைவில் 'கஃபீன் மீளப்பெறல்' என்று நிற்கிறது. அது வங்கிப் படிவத்துச் சொல், இங்கே ஒட்டவில்லை. வேறு சொல் தாருங்கள்.

உயிரியல் ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

முதலில் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளைக்கலங்கள் ஏ.ரி.பி. என்ற சக்திப் பொருளைச் செலவழிக்கின்றன. அது உடைந்து அடினோசின் சேர்கிறது. கலங்களின் மேல் செய்தியை வாங்கும் இடங்களான ஏ1, ஏ2ஏ என்னும் வாங்கிகளில் (ரிசெப்ரர்) அடினோசின் இணையும்போது கலங்களின் வேகம் தணிந்து தூக்கம் வருகிறது. கஃபீன் வடிவத்தில் அடினோசினை ஒத்தது. அதே வாங்கியில் போய் இருக்கும், ஆனால் வாங்கியை இயக்காது. எனவே கஃபீன் புதிதாகத் தென்பு எதையும் தருவதில்லை. 'களைத்துவிட்டாய்' என்ற செய்தியை மறித்து வைக்கிறது, அவ்வளவுதான். வயல் வாய்க்காலை மறித்துக் கட்டினால் கீழ்ப்பக்கம் காய்ந்திருக்க மேல்பக்கம் தண்ணீர் ஏறுகிறதே, அப்படி.

நாள்தோறும் மறித்தால் மூளை வாங்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. மூளையின் இரத்தக்குழாய்களை விரியச் செய்வதும் அடினோசின்தான். கஃபீன் அவற்றைச் சுருக்கி வைத்திருக்கும். ஒரு நாள் கஃபீன் வரவில்லையென்றால், கூடிப்போன வாங்கிகளில் அடினோசின் தடையில்லாமல் ஏறும், குழாய்கள் விரியும், இடி தொடங்கும். வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கும் இது வரும். ஆகவே 'பசி' என்ற பெயரை எடுத்துவிட வேண்டும்.

இதோடு, கஃபீனைப் போல வாங்கியில் இருந்து அதை இயங்கவிடாத பொருளான 'அன்டகனிஸ்ட்' என்பதற்கும் சொல் வேண்டும். 'நிரோதி' நொதியங்களைத் தடுக்கும் பொருள்களுக்குப் போய்விட்டது. 'எதிரி' என்றால் சண்டை போல இருக்கிறது. 'வாங்கி மறிப்பி' என்பது என் முன்மொழிவு. பஸ்ஸை மறிக்கிறோம், தண்ணியை மறிக்கிறோம். எல்லாருக்கும் விளங்கும் வினை.

மருந்தாளர், காத்தான்குடி

சேர், மறிப்பிக்கு எனக்குப் பூரண சம்மதம். தலையிடிக்கு மட்டும் 'நிறுத்தல்' என்று யாரும் வைத்துவிட வேண்டாம். அடியோடு நிறுத்தாமல் குறைத்தாலும் வரும், வழமையான நேரம் பிந்தினாலும் வரும். கடைசிக் கோப்பையிலிருந்து 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி, 20 முதல் 51 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்குப் போய், 2 முதல் 9 நாள் வரை இழுபடலாம். ஒரு கோப்பை தேத்தண்ணியில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது, சாயம் ஊற ஊறக் கூடும். நாளுக்கு 100 மில்லிகிராம் எடுப்பவருக்கே இந்தத் தலையிடி வரலாம் என்றால் ஐந்தாறு கோப்பைக்காரரை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. பரசிற்றமோலோடு கஃபீன் கலந்த மாத்திரைகள் இருக்கின்றன, ஒன்றில் 65 மில்லிகிராம். நோன்பு திறந்ததும் இரண்டு போட்டால் 130. கிட்டத்தட்ட மூன்று கோப்பை. வலி சட்டென்று விடும், ஏனென்றால் விட்ட கஃபீனே உள்ளே போய்விட்டது. குறைக்க நினைப்பவர் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை வாசிக்க வேண்டும். இதைக் கட்டாயம் பிரசுரத்தில் போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், அக்கரைப்பற்று

'விலகல்' புள்ளிவிபரவியலில் இருக்கிறது, நியம விலகல். 'விடு' என்ற வினை நல்லது. ஆனால் 'விடு தலையிடி' என்பதைச் சேர்த்து அச்சடித்தால் கண் 'விடுதலை' என்றே வாசிக்கும். 'விடுகை' என்று வைப்போம். பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லா வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது, யாருக்கும் புதிதல்ல. விடுகைத் தலையிடி, மற்ற எரிச்சல், சோர்வு, கவனக்குறைவு எல்லாவற்றையும் சேர்த்து விடுகைக் குணங்குறிகள். மது விடுகை, நிக்கொட்டின் விடுகை என்று நீட்டவும் முடியும். 'நிறுத்தல்' பற்றி மருந்தாளர் மிஸ் சொன்ன ஐயத்துக்கும் இது சரிவரும்: ஒரு வேளை குடிக்காவிட்டாலும் 'இண்டைக்குத் தேத்தண்ணியை விட்டுட்டன்' என்றுதானே சொல்கிறோம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சம்மாந்துறை

விடுகைத் தலையிடியை எடுத்துக்கொள்கிறேன். மறிப்பி பிரசுரத்துக்குத் தேவைப்படாது, சுகாதார ஊழியர் கையேட்டில் சேரும். பிரசுரப் பகுதி இப்படி:

"நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முதலே குறைக்கத் தொடங்குங்கள். மூன்று நாளுக்கு ஒரு கோப்பையாக விடுங்கள். பகல் கோப்பைகளை முதலில் விடுங்கள். காலையும் மாலையும் ஒவ்வொன்று மிஞ்சட்டும். நோன்பில் அவை ஸஹருக்கும் நோன்பு திறந்த பின்னும் மாறும். தராவீஹ் முடிந்து குடிக்க வேண்டாம்: உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணித்தியாலம் ஆகும், ஸஹர் வரை தூக்கம் கெடும். சோற்றோடு சேர்த்தும் குடிக்க வேண்டாம், தேயிலை இரும்புச்சத்தைச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழியட்டும்."

மருந்தாளர், காத்தான்குடி

கர்ப்பிணிகளுக்கு ஒரு வரி சேருங்கள்: நாள் முழுவதற்கும் 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கஃபீன் உடலை விட்டுப் போக மிக அதிக நேரம் எடுக்கும்.

நீரிழிவுக்காரருக்கும் ஒரு வரி பெரிய எழுத்தில் வர வேண்டும். பெயர் கிடைத்துவிட்டதென்று எல்லாத் தலையிடியையும் விடுகைக் கணக்கில் போட்டுவிடுவார்கள். தலையிடியோடு வியர்வையும் கை நடுக்கமும் வந்தால் உடனே சீனி பார்க்க வேண்டும். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அந்த இடத்திலேயே நோன்பைத் திறந்து சீனித்தண்ணி குடித்து, 15 நிமிடத்தில் திரும்பவும் பார்க்க வேண்டும்.